காலியான தேவாலயங்களும் நிரம்பிய மேடைகளும்

ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கும் தமிழுக்கும் முந்நூறு ஆண்டு உறவு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மதபோதகர் சீகன்பால்கு அங்கே படித்தவர். அங்கே வார்த்துக் கப்பலில் அனுப்பிய தமிழ் எழுத்துகளோடு தொடங்கிய அச்சகம்தான் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டது. அந்த ஊரின் பிராங்கே அறக்கட்டளை நூலகத்தில் நம் ஓலைச்சுவடிகளை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

கடல் கடந்து வேதம் சொல்ல ஆள் அனுப்பிய அந்த ஊர் இருக்கும் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில் இன்று பத்தில் எட்டுப் பேருக்கு மேல் எந்தத் திருச்சபையிலும் உறுப்பினராக இல்லை. சீகன்பால்கு பிறந்த புல்ஸ்னிட்ஸ் பக்கத்து மாநிலமான சாக்சனியில் இருக்கிறது. அங்கும் நிலைமை ஏறத்தாழ அதுதான். 2025 பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தலில் இந்த இரு மாநிலங்களிலும் முதலிடம் பிடித்தது ‘ஜெர்மனிக்கான மாற்று’ என்ற தீவிர வலதுசாரிக் கட்சி. இரண்டிலும் சுமார் 37 சதவீத வாக்கு.

தேவாலயம் காலியானதால்தான் அந்தக் கட்சி ஜெயித்தது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். நாற்பதாண்டு கம்யூனிஸ ஆட்சி, பெர்லின் சுவர் இடிந்தபின் மூடப்பட்ட ஆலைகள், மேற்கே போய்த் திரும்பாத இளைஞர்கள் என்று காரணங்கள் பல. என்றாலும் ஒன்று உறுத்துகிறது. ‘கிறிஸ்தவ ஐரோப்பாவைக் காப்போம்’ என்ற முழக்கம் கிறிஸ்தவர்கள் மிகக் குறைவாக இருக்கும் இடத்தில்தான் மிக உரக்கக் கேட்கிறது. ஐரோப்பாவில் கிறிஸ்தவம் தேய்வதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

தில்லி ஆர்.கே.புரத்தில் குடியிருப்பவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். எங்கள் பேட்டையை ஒட்டிய பிகாஜி காமா பிளேஸில்தான் தில்லி மண்டல பாஸ்போர்ட் அலுவலகம். செவிலியர் படிப்பு முடித்த பெண்கள், கணினிப் பொறியாளர்கள், மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகள் என்று அங்கே வரும் கூட்டத்தில் தமிழ்க் குரலும் மலையாளக் குரலும் எப்போதும் கேட்கும். அரசுக் குடியிருப்பில் வாழ்ந்து ஓய்வுபெற்ற பல குடும்பங்களின் பேரக்குழந்தைகள் இப்போது மியூனிக்கிலும் டப்ளினிலும் மான்செஸ்டரிலும் வளர்கிறார்கள். ஐரோப்பாவின் அரசியல் நமக்கு வெளியூர்ச் செய்தி என்ற காலம் போய்விட்டது.

இந்தக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு விதமான செய்திகள் சுற்றுகின்றன. ‘லண்டனில் தேவாலயம் விலைக்கு வந்தது, கோயிலாகிவிட்டது, பார்த்தீர்களா?’ என்று மகிழ்கிறது ஒன்று. ‘ஐரோப்பா ஆண்டவரை மறந்தது, அழிவு வந்துவிட்டது’ என்று புலம்புகிறது மற்றொன்று. இரண்டும் நடந்ததைப் பார்க்க மறுக்கின்றன.

நடந்தது என்ன? இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 46.2 சதவீதம். பத்தாண்டு முன்பு அது 59.3. கணக்கெடுப்பு வரலாற்றில் பாதிக்குக் கீழே போனது அதுவே முதல் முறை. ஜெர்மனியில் 2022-இல் மட்டும் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு முறைப்படி விலகியவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். அங்கே விலகுவதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. நம் செவிலியர் ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்து உள்ளூர் அலுவலகத்தில் முகவரி பதியும்போது மதம் என்ற கட்டத்தில் கத்தோலிக்கர் என்றோ லூத்தரன் என்றோ எழுதினால், வருமான வரியில் 8 அல்லது 9 சதவீத அளவுக்குத் திருச்சபை வரி சம்பளத்திலேயே பிடிக்கப்படும். வேண்டாம் என்றால் நீதிமன்றத்திலோ பதிவு அலுவலகத்திலோ நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் அப்படிப் போய்க் கையெழுத்திடுகிறார்கள்.

இந்தத் தேய்வில் திருச்சபையின் சொந்தப் பங்கு பெரிது. அதை அயர்லாந்து அளவுக்குத் துலக்கமாகக் காட்டும் நாடு வேறில்லை. அந்தக் கதையில் ஓர் இந்தியப் பெண்ணும் இருக்கிறார்.

1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் டப்ளின் பீனிக்ஸ் பூங்காவில் திருப்பலி நிறைவேற்றியபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். அன்று அந்த நாட்டின் மக்கள்தொகையே முப்பத்து நான்கு லட்சத்தை ஒட்டித்தான். பள்ளி, மருத்துவமனை, அநாதை இல்லம் எல்லாம் திருச்சபையின் கையில். அரசியல் சட்டத்திலேயே 1983-இல் எட்டாவது திருத்தம் சேர்ந்தது: கருவின் உயிருக்கும் தாயின் உயிருக்கும் சம உரிமை. பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மகதலேன் சலவைக் கூடங்களில் அடைத்து வைத்து வேலை வாங்கப்பட்ட பெண்கள், திருச்சபை நடத்திய இல்லங்களில் சித்திரவதைப்பட்ட குழந்தைகள், பாலியல் குற்றம் செய்த பாதிரியார்களைப் பங்கு மாற்றிப் பங்கு மாற்றிக் காப்பாற்றிய ஆயர்கள். 2009-இல் வெளியான ரையன் ஆணைய அறிக்கை அந்த நாட்டை உலுக்கியது.

2012 அக்டோபரில் கால்வே நகர மருத்துவமனையில் சவிதா ஹாலப்பனவர் சேர்ந்தார். கர்நாடகத்துப் பல் மருத்துவர், வயது 31, பதினேழு வாரக் கர்ப்பம். கரு பிழைக்காது என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். கருவைக் கலைத்துத் தாயைக் காப்பாற்றுங்கள் என்று அவரும் கணவரும் மீண்டும் மீண்டும் கேட்டார்கள். கருவின் இதயம் துடித்துக்கொண்டிருந்ததால் சட்டம் இடம் தரவில்லை என்று மறுத்தார்கள். இது கத்தோலிக்க நாடு என்று ஒரு மருத்துவச்சி அவரிடம் சொன்னது பின்னர் மரண விசாரணையில் பதிவானது. கிருமித்தொற்று இரத்தத்தில் பரவி அக்டோபர் 28 அன்று சவிதா இறந்தார். தில்லியில் அயர்லாந்துத் தூதரை வெளியுறவு அமைச்சகம் அழைத்துக் கவலை தெரிவித்தது.

அந்த மரணம் அயர்லாந்தை விட்டுப் போகவில்லை. 2018 மே 25 அன்று எட்டாவது திருத்தத்தை நீக்கலாமா என்று மக்களிடம் கேட்டபோது 66.4 சதவீதம் பேர் நீக்கச் சொன்னார்கள். அன்று டப்ளின் தெருச் சுவர் ஒன்றில் வரைந்திருந்த சவிதாவின் முகத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் சிறு தாள்களில் மன்னிப்பும் நன்றியும் எழுதி ஒட்டினார்கள். மூன்று மாதம் கழித்துத் திருத்தந்தை பிரான்சிஸ் அதே பீனிக்ஸ் பூங்காவுக்கு வந்தார். 1979-இல் கண்ட கூட்டத்தில் ஒரு சிறு பகுதிதான் வந்தது.

நாத்திகப் பிரச்சாரமோ குடியேறிகளோ அயர்லாந்தின் தேவாலயங்களைக் காலியாக்கவில்லை. சட்டத்தையும் போலீஸையும் கையில் வைத்திருந்த திருச்சபை, தன்னை நம்பி வந்தவர்களை மிதித்தது. மக்கள் எழுந்து போனார்கள். போலந்தும் அதே வழியில்தான் நடந்துகொண்டிருக்கிறது. ஆளும் கட்சியோடு ஆயர்கள் தோளுரசி நின்ற ஆண்டுகளில், 2020-இல், கருக்கலைப்புக்கு ஏறத்தாழ முழுத் தடை வந்தது. பெண்கள் லட்சக்கணக்கில் வீதிக்கு வந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் 87 சதவீதத்துக்கும் மேலாக இருந்த கத்தோலிக்கர் பங்கு 2021-இல் 71-க்கு இறங்கியது. பலர் மதக் கேள்விக்கே பதில் சொல்லவில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அந்தப் பதிலின்மையும் ஒரு செய்திதான்.

இதுவரை படித்தவர்கள் ‘அப்படியானால் தேய்ந்தது நல்லதுதானே’ என்று கேட்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நல்லது, சந்தேகமே இல்லை. ஆனால் தேவாலயத்தோடு வேறு சிலவும் போயின.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பிய ஒற்றுமைக்கு அடித்தளம் போட்ட ராபர்ட் ஷூமான், கொன்ராட் அடெனாவர், அல்சிதே டி காஸ்பெரி மூவரும் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர்கள். மூவருமே எல்லைப்புறத்து மனிதர்கள். தேசவெறி என்ன செய்யும் என்பதை வீட்டு வாசலில் பார்த்தவர்கள். அவர்கள் தலைமையேற்ற கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிகள் வலதுசாரிகள்தாம். ஆனால் தொழிற்சங்கம், விவசாயிகள் சங்கம், மாதர் சங்கம், கூட்டுறவு வங்கி என்று பங்குத்தளத்தைச் சுற்றி வேர்விட்டிருந்தவை. பழைமைவாத வாக்காளரைப் பிடித்துவைத்து, அவர் தீவிர வலதின் பக்கம் போய்விடாமல் தடுத்ததும் அவைதாம். வேர் காய்ந்ததும் மரமும் போயிற்று. இத்தாலியின் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி ஊழல் வழக்குகளில் நொறுங்கி 1994-இல் கலைந்தது. நெதர்லாந்தில் 1989-இல் 150 இடங்களில் 54 பிடித்த கட்சி 2023-இல் 5 இடத்துக்கு வந்தது. அந்தத் தேர்தலில் இஸ்லாமிய எதிர்ப்பையே கொள்கையாகக் கொண்ட வில்டர்ஸ் கட்சி 37 இடங்களோடு முதலிடம் பிடித்தது. 2025-இல் பழைய கட்சி 18 வரை மீண்டது என்பது ஆறுதல். ஜெர்மனியில் 1957-இல் 50 சதவீதத்தைத் தாண்டிய அடெனாவரின் கட்சிக் கூட்டணிக்கு 2025-இல் கிடைத்தது 28.5.

வேரற்றுப் போன இடத்தில் சின்னம் மட்டும் மிஞ்சியது. அதை எடுத்துக்கொள்ள ஆள் வந்தார்கள்.

2014 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திங்கட்கிழமை, டிரெஸ்டன் நகர ஓபரா அரங்கின் முன் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடிக் கிறிஸ்துமஸ் கீதங்கள் பாடினார்கள். பஜனைக்கு வந்த கூட்டமல்ல. மேற்கு நாடுகள் இஸ்லாமியமயமாவதை எதிர்க்கிறோம் என்று வாரந்தோறும் ஊர்வலம் போன பெகிடா இயக்கத்தின் கூட்டம். ஜெர்மன் தேசியக்கொடி நிறத்தில் சிலுவை செய்து தூக்கி வந்தவர்களும் இருந்தார்கள். அடுத்த சில நாட்களில், 2015 ஜனவரி 5 அன்று, அதே இயக்கம் கொலோன் நகரில் ஊர்வலம் அறிவித்தபோது அங்குள்ள பேராலயம் தன் வெளி விளக்குகள் அத்தனையையும் அணைத்துவிட்டது. உங்கள் ஊர்வலத்துக்குப் பின்னணிப் படமாக எங்கள் கோயில் இருக்காது என்று நிர்வாகம் சொல்லாமல் சொன்னது. சமீப கால ஐரோப்பாவில் ஒரு தேவாலயம் செய்த மிகத் துணிச்சலான காரியங்களில் ஒன்றாக நான் இதைக் கருதுகிறேன்.

2018-இல் பவேரியா மாநில அரசு, எல்லா அரசு அலுவலக வாசலிலும் சிலுவை மாட்ட உத்தரவிட்டது. மியூனிக் பேராயர் கர்தினால் மார்க்ஸ் மகிழவில்லை, கண்டித்தார். சிலுவையை வெறும் கலாசார அடையாளமாகப் பார்ப்பது அதை அரசு பறிமுதல் செய்வதற்குச் சமம் என்பது அவர் வாதம். 2019 மே மாதம் மிலான் பேராலய சதுக்கத்தில் இத்தாலிய உள்துறை அமைச்சர் சால்வினி ஜெபமாலையைத் தூக்கிக் காட்டி வாக்குக் கேட்டார். படகில் வரும் அகதிகளுக்குத் துறைமுகத்தை மூடியவர் அவர். வத்திக்கான் அரசுச் செயலர் கர்தினால் பரோலின் கண்டித்தார். அந்த மாதமே நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் சால்வினி கட்சிக்கு 34 சதவீத வாக்கு விழுந்தது. 2024 பிப்ரவரியில் ஜெர்மன் ஆயர்கள் ஒருமனதாக, இனவாத தேசியத்தை முன்வைக்கும் கட்சிக்குக் கிறிஸ்தவர் வாக்களிக்க முடியாது என்று பெயர் சொல்லியே அறிவித்தார்கள். ஓராண்டு கழித்து அந்தக் கட்சி நாடு முழுவதிலும் 20.8 சதவீதம் பெற்று இரண்டாம் இடத்துக்கு வந்தது.

ஆயர்கள் பேசினார்கள், கேட்க வேண்டியவர்கள் தேவாலயத்தில் இல்லை. என் கவலையெல்லாம் இதுதான். ஞாயிறுதோறும் வருகிறவனிடம் ‘அந்நியனை ஏற்றுக்கொள்’ என்று சொல்ல ஒரு மேடையும் ஒரு மனிதரும் உண்டு. அவன் கேட்காமல் போகலாம், ஆனாலும் வாரம் ஒருமுறை அந்தச் சொல் காதில் விழும். கிறிஸ்தவம் என்பது தன் பாட்டனின் மதம், தன் நிறத்தின் மதம், தன் நாட்டின் மதம் என்று மட்டும் நினைப்பவனைத் திருத்த யாருக்கும் அதிகாரமில்லை. சிலுவைக்கு என்ன பொருள் என்பதை அவனுக்குக் கட்சிக்காரர்தான் சொல்லித் தருகிறார். டோபியாஸ் கிரெமர் என்ற அறிஞர் 2023-இல் வெளியிட்ட நூலில் ஜெர்மனி, பிரான்ஸ், அமெரிக்காவை ஒப்பிட்டு ஏறத்தாழ இதையே விரிவாகப் பேசியிருக்கிறார்.

நேர்மையாகச் சொன்னால், இந்த வாதத்திலும் ஓட்டைகள் உண்டு. தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவர்கள் எல்லாம் குடியேறிகளை நேசிப்பவர்கள் அல்ல. பியூ ஆய்வு மையம் மேற்கு ஐரோப்பாவில் எடுத்து 2018-இல் வெளியிட்ட கணிப்பில், மதமற்றவர்களைவிடக் கிறிஸ்தவர்களிடம், ஆலயம் போகிறவர் போகாதவர் இரு தரப்பிலும், முஸ்லிம்கள் மீதும் குடியேறிகள் மீதும் கசப்பு கூடுதலாக இருந்தது. பிரான்ஸில் ஒருகாலத்தில் லு பென்னின் தீவிர வலதுசாரிக் கட்சியை நெருங்காத பக்திமிக்க கத்தோலிக்கர்கள் அண்மைத் தேர்தல்களில் அந்தப் பக்கம் நகர்கிறார்கள். தடுப்புச் சுவர் அங்கே விரிசல் விட்டுக்கொண்டிருக்கிறது. சுவர் ஒன்று இருந்தது என்பதையும், அதைக் கட்ட எத்தனை தலைமுறை ஆயிற்று என்பதையும் மறக்காமல் இருந்தால் போதும்.

இன்று ஐரோப்பிய தேவாலயங்களில் யார் இருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தால் ‘கிறிஸ்தவ ஐரோப்பா’ முழக்கங்கள் இன்னும் பொருளற்றுப் போகும். ஜெர்மனியில் பணிபுரியும் வெளிநாட்டுக் கத்தோலிக்கக் குருக்களில் இந்தியர்கள்தாம் முன்வரிசை. லண்டனிலும் பாரீஸிலும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தை நிரப்புகிறவர்களில் ஆப்பிரிக்கர்களும் பிலிப்பினோக்களும் நம்மவர்களும் ஏராளம். நெதர்லாந்து எல்லையோரம் கெவெலார் என்று ஒரு சின்ன ஊர். கையடக்கமான தாளில் அச்சான மாதா படம் ஒன்று அங்கே 1642 முதல் வணங்கப்படுகிறது. துயருறுவோருக்கு ஆறுதல் தரும் அன்னை என்று பெயர். ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஒரு நாள் அந்த ஊர் தமிழர் திருவிழாவாகிவிடும். போரில் எல்லாம் இழந்து அகதிகளாக வந்த ஈழத்தமிழர்கள் ஆயிரக்கணக்கில் பட்டுச்சேலையும் வேட்டியுமாக வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அவர்களில் பலருக்கு நெற்றியில் திருநீறும் குங்குமமும் இருக்கும். மடு மாதாவை வணங்கிய பழக்கம் அவர்களுக்கு. மாதாவிடம் போகச் சைவம் தடையாக இருந்ததில்லை. ஐரோப்பியக் கிறிஸ்தவத்தின் ஒரு பழைய திருத்தலத்தை உயிரோடு வைத்திருப்பதில் பங்குள்ள இந்த மக்களை, அதே கிறிஸ்தவத்தின் பெயரைச் சொல்லித்தான் நாட்டைவிட்டு அனுப்ப வேண்டும் என்கிறார்கள்.

2025 கோடையில் டப்ளினிலும் பிற ஐரிஷ் நகரங்களிலும் இந்தியர்கள் தெருவில் தாக்கப்பட்டார்கள். ஆளரவமற்ற இடங்களைத் தவிர்க்கும்படி அங்குள்ள நம் தூதரகம் எச்சரிக்கை விட்டது. அந்தத் தாக்குதல்களுக்கும் மதத்துக்கும் நேர்த் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. ‘நாங்கள்’ என்ற சொல்லுக்கு நிறமும் பிறப்பும் மட்டுமே எல்லை என்றாகும்போது முதலில் அடிபடுவது யார் என்பதை அங்கே பிள்ளைகளை அனுப்பிய ஆர்.கே.புரத்துப் பெற்றோர்கள் அறிவார்கள்.

இந்தியாவில் நிலைமை தலைகீழ். இங்கே கோயில்களும் மசூதிகளும் தேவாலயங்களும் நிரம்பி வழிகின்றன. ஆகவே ஐரோப்பாவின் நோய் நமக்கு வராது என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஐரோப்பாவில் நடந்ததில் இரண்டு படிகள் உண்டு. முதலில் மதம் அரசின் மடியில் உட்கார்ந்தது, அதனால் மரியாதை இழந்தது. பிறகு அதன் சின்னத்தைக் கட்சிகள் எடுத்துக்கொண்டன. முதல் படிக்குக் கோயில் காலியாக இருக்க வேண்டியதில்லை. நிரம்பியிருக்கும்போதுதான் அரசியல்வாதிக்கு அதில் ஆசை வருகிறது.

எங்கள் பேட்டையில் செக்டர் ஏழில் குன்றின்மேல் நிற்கும் மலை மந்திர் எப்படி வந்தது என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மத்திய அரசு அலுவலகங்களில் எழுத்தராகவும் சுருக்கெழுத்தாளராகவும் இருந்த தமிழர்கள் வீடுவீடாகப் போய் நன்கொடை திரட்டினார்கள். 1965-இல் அடிக்கல், 1973-இல் குடமுழுக்கு. உறவில்லாத ஊரில் கல்யாணம், கருமாதி, பிள்ளைக்கு வரன், வேலைக்கு வந்த பையனுக்கு ஒதுங்க இடம் எல்லாம் அந்தக் கோயிலில் ஏற்பட்ட பழக்கத்தில் கிடைத்தன. இதே பேட்டையின் புனித தோமையார் ஆலயத்துக்கு ஞாயிறு காலையில் போனால், தமிழரும் மலையாளியும் ஜார்க்கண்டிலிருந்து வீட்டுவேலைக்கு வந்த பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். வழிபாட்டிடம் என்பது எனக்கு இதுதான். தன்னைப் போல இல்லாதவரோடு பக்கத்தில் உட்காரக் கற்றுத்தரும் இடம். ஐரோப்பா இழந்ததும் இதைத்தான். சிலுவையைத் தூக்கிப் பிடிப்பவர்களால் இதைத் திருப்பித் தர முடியவில்லை.

இதைக் காப்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சட்டம் உண்டு. மத நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1988-ஆம் ஆண்டுச் சட்டம், எந்த மதத்தின் வழிபாட்டிடத்தையும் அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. மீறும் நிர்வாகிக்கு ஐந்தாண்டு வரை சிறை. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது தேர்தல் முறைகேடு என்று உச்ச நீதிமன்றமும் 2017 ஜனவரியில் அபிராம் சிங் வழக்கில் அழுத்திச் சொன்னது. ஆனாலும் தேர்தல் வந்தால் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

போலீஸ் வரும் என்று காத்திருக்க வேண்டாம். தில்லியிலும் தமிழ்நாட்டிலும் கோயில் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள், பங்குப் பேரவையில் இருப்பவர்கள், ஜமாத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். வேட்பாளர் வந்தால் மற்றவர்களோடு வரிசையில் நிற்கட்டும். கும்பிடட்டும், தொழட்டும், ஜெபிக்கட்டும். ஒலிபெருக்கியை மட்டும் அவர் கையில் கொடுக்காதீர்கள்.